இரண்டு வலது கண்கள்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மாடியில் இரண்டு கடைகள். ஒன்று என்னுடைய டேக் பிரிண்டிங். பனியனில் தொங்கும் அட்டை, பார்கோடு ஸ்டிக்கர், அளவு லேபிள் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். இன்னொன்று கியாசுதீன் பாயின் ஸ்டுடியோ. அவர் கல்யாண வீட்டுக்குப் போகிற போட்டோகிராபர் இல்லை. ஏற்றுமதிக் கம்பெனிகள் தைக்கும் குழந்தை உடுப்புகளைக் குழந்தைகளுக்கே போட்டுப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அழகுபடுத்திக் கொடுப்பவர். அவர் எடுத்த படத்தை நான் அட்டையில் அடிப்பேன். பதினோரு வருஷமாக ஒரே பிளாஸ்க்கில் டீ வாங்கிக் குடிக்கிறோம்.

இப்போது அவருக்கு ஊரில் 'கண்ணு பாய்' என்று பெயர். மரியாதையாகச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். கிறுக்குப் பிடித்துவிட்டது என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். படம் எடுக்க ஒரு குழந்தை வந்தால், உடுப்பைப் பார்க்கமாட்டார். முதலில் அதன் முகத்துக்கு நேராக நின்று பிளாஷ் அடித்து இரண்டு மூன்று படம் எடுப்பார். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, கண்ணை மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தாய்க்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எங்க கொழந்த கண்ணுல என்ன புதையலா இருக்குது?" என்று கேட்பாள். சிலருக்கு, "ஒருதாட்டி கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று சொல்லி அனுப்புவார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து அவரைத் திட்டுவார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் பார்வை ரொம்ப மந்தம் என்று கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வந்து நன்றியெல்லாம் சொல்லவில்லை.

போன வருஷம் அவிநாசி பஸ்ஸில் உதை வாங்கப் பார்த்தார். முன் சீட்டில் தாயின் தோளில் ஒரு குழந்தை பின்னால் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. இவர் போனை எடுத்துப் பளிச்சென்று பிளாஷ் அடித்துவிட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று எவனோ ஒருவன் சொல்ல, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் தெரிந்தவர் என்பதால் எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சட்டை கிழிந்து, ரோட்டோரம் ஒரு செருப்போடு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு உசுரு மேல ஆசையே இல்லீங்களா பாய்? ஊரான் கொழந்தையப் படம் புடிக்கறதுக்கு உங்களுக்கு யாருங்க லைசென்ஸ் குடுத்தாங்க?"

"அந்தக் கொழந்த கண்ணுல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது வேலு."

"தெரிஞ்சு?"

"ஒண்ணுமில்ல. சன்னல் வெளிச்சம்." அவர் கிழிந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "இருந்தாலும் பாத்துரணும்ல."

அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னார்.

முன்பு அவருக்கு எப்படிப்பட்ட பெயர் இருந்தது என்று சொன்னால்தான் இது புரியும். திருப்பூரில் ஷேடு என்றால் கெட்ட வார்த்தை. ஒரே சாயத்தில் முக்கியெடுத்த இரண்டு துணிகளுக்கு நடுவில் நூலளவு நிறம் மாறினாலும் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கிறது. ஆனால் மெஷினை நம்பாதவர்கள் இரண்டு பீஸையும் எடுத்துக்கொண்டு பாயிடம்தான் ஓடி வருவார்கள். அவர் ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு பார்வை பார்ப்பார். "இடது பக்கத்துல மஞ்சள் ஒரு பொட்டு தூக்கல்" என்பார். சாயப்பட்டறைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் அந்தப் பிழையைச் செய்தார். அதுதான் அவரைத் தின்றது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய கதை. குழந்தை ரோம்பர் ஆர்டர் ஒன்று. மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு. மாடல் குழந்தை பிடிக்கச் செலவாகும் என்று கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளையே கூட்டிவருவது இங்கே வழக்கம். படம் எடுத்து முடித்தால் இரண்டு உடுப்பும், பிரேம் போட்ட பெரிய படம் ஒன்றும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி, தைத்த உடுப்பில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்கிற சித்ராதேவி என்ற பெண் தன் எட்டு மாசப் பையனைக் கொண்டுவந்திருந்தாள். தர்ஷித் என்று பெயர். லைட்டைப் பார்த்து அழாத குழந்தை. நானே எட்டிப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தேன். பொக்கை வாயைத் திறந்து அவன் சிரித்த சிரிப்பில் பாய் அறுபது படம் எடுத்துத் தள்ளிவிட்டார்.

வெளிநாட்டுக் கடைகளுக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸிலிருந்து கிருத்திகா என்ற பெண் போன் செய்தாள். "பதினாலாம் நம்பர் படம் சூப்பருங்க பாய். எடது கண்ணுல மட்டும் லைட் அடிக்குது. எடுத்துட்டு அனுப்பிருங்க."

பாய் பார்த்தார். இடது கருவிழிக்குள் பால் மாதிரி ஒரு வெள்ளை. கெட்டுப்போன கண்ணைச் சரிசெய்ய அவரிடம் ஒரு முறை உண்டு. நன்றாக இருக்கும் வலது கண்ணைக் காப்பி எடுத்து, இடவலமாகத் திருப்பி, இடது பக்கத்தில் ஒட்டிவிடுவார். ஓரங்களைத் தேய்த்துவிட்டால் பெற்ற தாயாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நிமிஷம்கூட ஆகாத வேலை. அதைச் செய்து அனுப்பினார். நான் நாற்பதாயிரம் அட்டை அடித்தேன்.

"ஒரு படத்துல இல்ல வேலு," என்றார் பாய், அந்த ரோட்டோரத்தில். "மூணு படத்துல இருந்துச்சு. லைட் அடிச்சா ரெண்டு கண்ணுலயும்ல அடிக்கணும். ஒரு கண்ணுல மட்டும் ஏன் அடிக்குதுன்னு எனக்குக் கேள்வி வந்துச்சு. வராம இல்ல. வந்துச்சு. அப்பறம் பசி எடுத்துச்சு. சாப்படப் போயிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். ஐம்பது வயது ஆள், ஒரு செருப்போடு, பஸ் போகிற வருகிற ரோட்டில்.

படம் எடுத்து ஒன்றரை வருஷம் கழித்துச் சித்ராதேவி அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு பையனும் வந்திருக்கிறான். வலது கண் துறுதுறுவென்று கடை முழுக்கச் சுற்ற, இடது கண் ஒரே இடத்தில் நின்றது. செயற்கையாக வைத்த கண்.

"அன்னைக்கு எடுத்த படம் இன்னொண்ணு வேணுங்க பாய். மடத்துக்குளத்துல எங்கம்மா கேக்கறாங்க. இவன் ரெண்டு கண்ணோட இருக்கற படம் நல்லதா அது ஒண்ணுதாங்க இருக்குது."

என்ன ஆயிற்று என்று பாய் கேட்டார். அவள் சொன்னாள். அவசரமாக ஒரு ஷிப்மென்ட். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குழந்தையைக் கம்பெனிக்குத் தூக்கிப்போய், செக்கிங் டேபிளுக்கு அடியில் துணி விரித்து உட்கார வைத்திருந்தாள். ரேக்கிலிருந்து நூல் கோன் ஒன்று உருண்டு விழுந்து அவன் முகத்தில் பட்டது. வீங்கியது, வடிந்தது. இரண்டு மாசத்தில் கண்ணில் பூ விழுந்தாற்போல் வெள்ளை தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் கட்டி என்றார்கள். புற்று. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கண்ணை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

"அடிபட்டெல்லாம் இது வராதுன்னுதானுங்க டாக்டரு சொன்னாரு. ஆனா எட்டு மாசத்துல கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு படம் இருக்குதுங்களே! கருந்திராட்சையாட்ட இருந்துச்சு. எங்கத்தை அதைத்தான் காட்டிக் காட்டிக் கேப்பாங்க. நல்லா இருந்த கண்ண நாலு காசுக்கு ஆசப்பட்டுக் கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயிக் கெடுத்துப்போட்டயேன்னு. அவுங்க கேக்கறதும் நாயந்தானுங்க. என்னாலதானுங்க போச்சு."

பாய் படத்தை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அவள் படியிறங்கிப் போன பிறகு, பழைய டிஸ்க்கில் இருந்த தொடாத படத்தைத் திறந்து பார்த்தார். பதினான்காம் நம்பர். வெள்ளை அப்படியே இருந்தது. கோன் விழுவதற்கு ஏழு மாசத்துக்கு முன்னாலேயே அது அங்கே உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்திருக்கிறது.

கண்ணை மூடினால் தெரிகிறது என்று சொல்வார்கள். பாய்க்குக் கண்ணைத் திறந்தால் தெரிந்தது. அந்த ஆர்டரில் மிஞ்சிய சரக்கு காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து தள்ளுவண்டிகளுக்குப் போய்விட்டது. நூறு ரூபாய்க்கு இரண்டு ரோம்பர் என்று கூவி விற்றார்கள். ஒவ்வொன்றிலும் நான் அடித்த அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் தர்ஷித் சிரித்துக்கொண்டிருந்தான். பாய் அந்தப் படத்தில் என்ன பார்த்தார் என்பது வேறு யாருக்கும் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்தான் மின்ன வேண்டும். அந்தப் படத்தில் வலது கண்ணில் இடப்பக்கமும், இடது கண்ணில் வலப்பக்கமும் மின்னியது. குழந்தைக்கு இரண்டும் வலது கண். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் அந்த வண்டிகளைப் பார்த்துவிட்டு மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு கடைக்கு வருவார். அப்போது எனக்குக் காரணம் தெரியாமல், பெட்ரோல் உங்க ஊட்டுக் கெணத்துல ஊறுதுங்களா என்று கிண்டலடித்திருக்கிறேன். வீட்டில் மகள் சனோபருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுடைய சின்ன வயதுப் படங்களையெல்லாம் எடுத்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாராம்.

அன்றைக்கு நான் அவருக்குச் சொன்ன புத்தி என்ன தெரியுமா? "விடுங்க பாய். இப்பப் போயிச் சொல்லி என்னாகப் போகுது? கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரமா?" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது. பாய் எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். நான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் அட்டை அடித்த நானும் மாட்டுவேன் என்ற பயம் எனக்கு இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமொன்றும் இல்லை. அப்போது இருந்திருக்க வேண்டும்.

இந்த மாசிமாசம் சித்ராதேவி மறுபடி வந்தாள். கையில் நாற்பத்தைந்து நாள் பெண் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை, பாப்பாதான். டேக் சாம்பிள் காட்ட நானும் ஸ்டுடியோவில் இருந்தேன். முகத்தில் ஒரு தெளிச்சியோடு வந்திருந்தாள்.

"பாப்பாவுக்கு ஒரு படம் எடுங்க பாய். மாசாமாசம் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோணும்னு அத்தை சொல்லிட்டாங்க. எப்ப கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தாக் காட்டறதுக்கு ஆகும்லங்க."

 அந்த வீட்டில் போட்டோதான் டாக்டர்.

பாய் படம் எடுத்தார். நேராக, பக்கவாட்டில், பிளாஷோடு, பிளாஷில்லாமல். பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு கண்ணும் சுத்தம். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாருக்குதுங்கல்ல?"

"கண் டாக்டர்கிட்ட காட்டுனீங்களா அம்முணி?" பாய் திரையை விட்டுத் திரும்பிக் கேட்டார்.

"பொறந்ததுமே கூட்டியாரச் சொன்னாருங்க. மூத்தவனுக்கு வந்ததால இதுக்கும் உள்ள சோதிச்சுப் பாக்கோணும்னு. அத்தை விடலீங்க. அவனுக்குக் கோன் பட்டு வந்துச்சு, இதுக்கு என்ன பட்டுது, பச்சக் கொழந்த கண்ணுல மருந்த ஊத்தி நோண்டறதான்னு சண்டைக்கு வந்துட்டாங்க. எனக்கும் அதுதான் செரின்னு பட்டுச்சு. படத்துலயே நல்லாத் தெரியுதுங்களே."

அவள் போனபின் பாய் நாற்காலியில் உட்காரவில்லை. பாப்பாவின் படத்தை மூடிவிட்டு என்னிடம் வந்தார். 

"சின்னதா இருந்தா போட்டோவுல தெரியாது வேலு. நான் விசாரிச்சு வெச்சிருக்கேன். தெரியற அளவுக்கு வந்துட்டா அப்பறம் பெருசு." என் கையைப் பிடித்தார். "நான் வரைஞ்ச கண்ண நம்பி அவுங்க இந்தக் கொழந்தையவும் காட்டாம உட்டுட்டாங்க. இதுக்கு மேல நான் சும்மா இருந்தா மனுசனா? வா, போலாம்."

எனக்குப் போக இஷ்டமில்லை. போனேன். பாய் கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டார். அவருடைய பழைய காரை ஓட்ட ஆள் வேண்டுமே.

அவிநாசியில் பஜனைமடத்துச் சந்து ஒன்றில் அவர்கள் வீடு. சித்ராதேவியின் கணவன் தங்கராஜ் ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தான். அவன் தாய் சாரதாமணி அம்மாள் பாப்பாவுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம் பிரேமுக்குள் இருந்தது. சாமிக்கு வைத்த பூவில் ஒரு துணுக்கு அதற்கும் வைத்திருந்தார்கள். தர்ஷித் அதற்குக் கீழே உட்கார்ந்து, காலி நூல் கோன்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

"வாங்க, வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்று அந்த அம்மாள் எழுந்தார்.

பாய் தண்ணீர் குடிக்கவில்லை. லேப்டாப்பை ஸ்டூலின் மேல் வைத்துத் திறந்தார். ஒரு பக்கத்தில் சுவரில் இருக்கிற படம், இன்னொரு பக்கத்தில் தொடாத படம். இரண்டையும் பெரிதாக்கினார்.

"எட்டு மாசத்துல நான் எடுத்த படம் இதுதாங்க. கண்ணுல வெள்ளையா இருந்துச்சு. பாக்க நல்லால்லைன்னு நாந்தான் மாத்துனேன். வலது கண்ண எடுத்து இடதுல ஒட்டுனேன். செவுத்துல இருக்கறது நெசமில்லீங்க."

சாரதாமணி அம்மாள் குனிந்து பார்த்தார். "இது வேற யாரு கொழந்தையோங்க."

"இல்லீங்கம்மா. காலர்ல பால் கக்குனது பாருங்க. ரெண்டுலயும் ஒரே எடம். தேதி இருக்குது பாருங்க. கோன் படறதுக்கு ஏழு மாசம் முந்தி."

தங்கராஜ் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பாயின் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது. "தெரிஞ்சுதான் பண்ணுனயா?" என்றான். ரெண்டு வார்த்தையிலும் மரியாதை இல்லை. பாய் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. நான் இடையில் புகுந்தேன். எனக்கும் தோளில் ஒன்று விழுந்தது. வலித்தது, ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

"உடுங்க மாமா" என்றாள் சித்ராதேவி.

அவள் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அந்த வெள்ளைக்கு மேல் ஒரு விரலை வைத்தாள்.

"அப்ப கோன் பட்டதால இல்லீங்களா?"

"இல்லீங்க அம்முணி."

"நான் கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போனதால இல்லீங்களா?"

"இல்லவே இல்லீங்க. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க."

மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுட்டீங்களா அத்தை" என்றாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். 

பிறகு அவள் பாயைப் பார்த்தாள். "நான் அன்னைக்கு உங்க கடையில நின்னு, என்னாலதான் போச்சுன்னு சொன்னனுங்க. நீங்க கேட்டுட்டுச் சும்மா நின்னீங்க. வெளிய போங்க."

வெளியே வந்தோம். சந்து முனைக்கு முன்பே பாய் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போது அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பாப்பா, கையில் துணிப்பை. வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா, சண்டை போட்டுவிட்டு வந்தாளா, நான் கேட்கவில்லை. பாய் வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

கோயம்புத்தூருக்குப் போனோம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிற பெரிய கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, விட்டு, மணிக்கணக்கில் காத்திருந்தோம். உள்ளே குழந்தையைத் துணியில் சுற்றி நர்ஸ் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார்கள். வெளியே இருந்த எங்களுக்குப் பாப்பாவின் அலறல் மட்டும் கேட்டது. பாய் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா சித்ராதேவியைக் கூப்பிட்டார்கள். அவள் எங்களையும் வரச்சொன்னாள்.

"இடது கண்ணுல ஓரமா ஒண்ணு இருக்குது. கடுகளவுதான். எந்தப் போட்டோவுலயும் இது தெரியாது, நீங்களாப் பாத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. லேசர் வெச்சு எரிச்சிரலாம். பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூணு வாரத்துக்கு ஒருதடவை வந்து பாத்துக்கணும். புதுசா வந்தா உடனே புடிக்கணும். மூத்த பையனோட மிச்சமிருக்கற கண்ணையும் விடாமக் காட்டுங்க. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்மா."

வராந்தாவுக்கு வந்ததும் சித்ராதேவி நின்றுவிட்டாள். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாயிடம் கேட்டாள்.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா தர்ஷித்துக்குக் கண்ணு இருந்திருக்குமுங்களா?"

யாருக்கம்மா தெரியும் என்று அவர் சொல்லிவிட வேண்டுமென்று நான் மனசுக்குள் முருகனை வேண்டினேன். அவளுக்காகவா, அவருக்காகவா, தெரியாது. பொய்யும் இல்லை அது.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார் பாய். "ரெண்டு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். காப்பாத்த வாய்ப்பு இருந்துச்சுன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. அந்த வாய்ப்ப நாந்தான் அழிச்சுட்டனுங்க."

அவள் பாப்பாவின் முகத்தைத் துடைத்தாள். மருந்தில் விரிந்த கண்களால் அது வெளிச்சம் தாங்காமல் சிணுங்கியது. துண்டை அதன் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"மூணு வாரங் கழிச்சு வரச்சொல்லியிருக்காங்க. அன்னைக்கும் நீங்கதான் கூட்டியாரோணும். உங்க மூஞ்சியப் பாக்க எனக்குப் புடிக்கலீங்க. ஆனா நீங்கதான் வரோணும்."

இதுவரை ஆறு முறை போய்வந்துவிட்டோம். வண்டி நான்தான் ஓட்டுகிறேன். பாய் முன் சீட்டில் இருப்பார், அவள் பின்னால். அவரோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். என்னோடு பேசுவாள். பாப்பாவுக்கு லேசர் வைத்த இடத்தில் இப்போது வெறும் தழும்புதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். தங்கராஜ் ஒருமுறை வந்தான். சாரதாமணி அம்மாள் வருவதில்லை, ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்துவிடுகிறார். சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டார்களாம்.

போன முறை தர்ஷித்துக்கும் சோதனை. திரும்பி வரும்போது முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, பாயின் மடியில் ஏறிக்கொண்டான். பேசிக்கொண்டே வந்தான். லாரியில் எத்தனை சக்கரம், மாட்டுக்கு ஏன் கொம்பு என்று. நீலாம்பூர் தாண்டியதும் திடீரென்று கேட்டான்.

"மாமா, பாப்பா கண்ண எடுத்துருவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க சாமி. பாப்பாவுக்குச் செரியாப் போச்சு."

"என்ற கண்ண மட்டும் ஏன் எடுத்தாங்க?"

கண்ணாடியில் பார்த்தேன். சித்ராதேவி பாப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். அவளும் பதிலுக்குத்தான் காத்திருந்தாள். நாலு வயதுக் குழந்தைக்குச் சொல்ல ஆயிரம் கதை இருக்கிறது. நானாக இருந்தால் காக்கா கொத்திக்கொண்டு போனது என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"ஒன்ற கண்ணுல ஒண்ணு இருந்துச்சு கண்ணு. அத நான் பாத்தேன். பாத்துட்டு யாருகிட்டயும் சொல்லாம உட்டுட்டேன். அதனால."

பையன் அவர் முகத்தை அந்த ஒற்றைக் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ யோசிக்கிறவன் மாதிரி இருந்தான்.

"அடுத்ததாட்டி சொல்லிருங்க மாமா" என்றான்.

பாய் தலையை மட்டும் ஆட்டினார். பையன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, "செரின்னு சொல்லுங்க" என்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினான்.

"செரி சாமி" என்றார்.

கண்ணாடியில் பார்த்தபோது, சித்ராதேவி மறுபடி பாப்பாவைத் தட்டத் தொடங்கியிருந்தாள்.